நொய்யல்ல உப்பு எங்க போச்சுன்னு கேளுங்க

திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவால நொய்யல் ஆத்துல நுரை பொங்குனா ஒரு போட்டோ, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு. "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வரும், மனு முடிஞ்சது. இதுல அதிகாரிகளை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லைங்க. "நடவடிக்கை எடுங்கள்" என்று எழுதுற மனுவுக்கு இப்படித்தான் பதில் சொல்ல முடியும். உப்புக்குக் கணக்குக் கேக்கோணும்.

பாசனத்துக்குக் கட்டுன ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணித் தேக்கமா மாறுனதை இந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக் கூடாதுன்னு 2006-ல உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அது நிறைவேறாததால 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. அந்த "ஒரு சொட்டும் கூடாது" உத்தரவை இன்னைக்கும் உயிரோட வெச்சிருக்க வேண்டியது நம்ம வேலை.

அடர் நிறம் போட சாயத்தொட்டியில லிட்டருக்கு 60-80 கிராம் உப்பு போகும். கழிவைச் சுத்திகரிக்கிற நிலையத்துல பாக்டீரியா தொட்டி அழுக்கைத் தின்னும், உப்பைத் தொடாது. ஆர்.ஓ. (சவ்வு வழியா வடிகட்டுற எந்திரம்) நல்ல தண்ணியைப் பிரிச்சுக் கொடுத்துட்டு, உப்பையெல்லாம் மிச்சத் தண்ணியில விட்டுரும். அதை எவாப்பரேட்டர்ல காய்ச்சி வத்த வைக்கோணும். ஆவிக்கும் கரண்டுக்கும் செலவு எகிறுறது இங்கதான், மழை ராத்திரியில கழிவை ஆத்துல விட வால்வு திறக்கறதும் இங்கதான். ஒழுங்கா ஓடுற நிலையத்துல உப்பு ஒண்ணு திரும்பச் சாயத்துக்குப் போயிருக்கோணும், இல்லைன்னா மூட்டையா குடோன்ல இருக்கோணும். ரெண்டுலயும் இல்லைன்னா ஆத்துல இருக்கு.

அதனால தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்க. நிலையத்தோட பேரைக் குறிப்பிட்டு, இயக்க இசைவாணை (நிலையத்தை ஓட்ட வாரியம் கொடுத்த அனுமதி) நகல், ஒரு வருஷத்துக் கழிவுநீர் சாம்பிள் ஆய்வறிக்கைகள், உள்ளே வந்த கழிவுநீர், திரும்ப எடுத்த தண்ணி, சேர்ந்த உப்பு பற்றி வாரியத்துக்குத் தாக்கல் செஞ்ச அறிக்கைகள், இத்தனையும் கேளுங்க. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று மட்டும் எழுதாதீங்க. காரணம் சொல்ற கடமை அவருக்கு இல்லை, காகிதத்தைக் கொடுக்கிற கடமை இருக்கு. சட்டப்பிரிவு எண்ணெல்லாம் தேடிக் குழம்ப வேண்டாம், "கோப்பை நேரில் பார்வையிட வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தாப் போதும். ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி, சேர்ந்ததுக்கு ஒப்புகையும் வாங்குங்க.

30 நாள்ல பதில் வரலையா, அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. அதுலயும் மழுப்புனா 90 நாளுக்குள்ள மாநிலத் தகவல் ஆணையம். நிறைய பேர் முதல் பதிலோட சலிச்சு விட்டுர்றாங்க. நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரைக்கும் அபராதம் போடுற அதிகாரம் ஆணையத்துக்கு இருக்குங்க.

நம்ம கையில இருக்கிற, தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கற டிடிஎஸ் மீட்டரும் உதவும், ஆனா கழிவு விழுற இடத்துக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு இடத்துல அளக்கோணும். கீழ மட்டும் அளந்தா "மேல இருந்தே வந்தது"ன்னு தப்பிச்சுக்குவாங்க.  ஆனா நாம பிடிச்ச பாட்டில் தண்ணி கோர்ட்ல நிக்கறது கஷ்டம். வாரிய அதிகாரி வந்து, முறைப்படி எடுத்து, சீல் வெச்ச சாம்பிள்தான் சட்டப்படி செல்லும். அதனால நுரையைப் பாத்த உடனே வாரியத்தைக் கூப்பிடுங்க, கூப்பிட்ட நேரத்தை எழுதி வையுங்க. அவங்க எத்தனை மணிக்கு வந்தாங்கங்கறதையும் அடுத்த தகவல் மனுவுல கேக்கலாம்.