எல்லாம் ஒன்றுதானாம்!

“எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி.” இந்த மூன்று சொற்களை இனி யாராவது என் காதுபடச் சொன்னால், அவருடைய காரில் இருக்கிற ஆயில் ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தேங்காய்ப்பால் பிழிகிற வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு வருவது என்று தீர்மானித்திருக்கிறேன். எல்லாம் ஒன்றுதானே, ஓட்டிப் பார்க்கட்டும்.

நேற்று திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஓர் உதிரிபாகக் கடையில் போய் ஃபில்டர் கேட்டேன். கடைக்காரர் மூன்று அட்டைப்பெட்டிகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். ஒன்று 110 ரூபாய், அடுத்தது 180, மூன்றாவது 290. மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். “பேருக்குத்தான் காசு, உள்ள ஒரே தாளுதான். எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி” என்றார். எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்கிற வால்வு சிலிக்கோன் ரப்பரா, நைட்ரைல் ரப்பரா என்று கேட்டேன். கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை அப்பளம் கேட்டவனைப் பார்ப்பது போல என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, இவ்வளவு சந்தேகம் உள்ளவனுக்கு விளக்கிவிடலாம் என்ற பெருந்தன்மையோடு 110 ரூபாய்ப் பெட்டியைப் பிரித்து, ஃபில்டரை வெளியே எடுத்து, அதன் மேல் படிந்திருந்த தூசியை வாயால் ஊதினார். ஊதிய தூசியில் பாதி நடுத்துளைக்குள் போயிற்று. அது போதாதென்று, சற்று முன் கிரீஸ் டப்பாவைத் தொட்ட அதே ஆள்காட்டி விரலை அந்தத் துளைக்குள் விட்டு, பம்பரம் போல ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, “பாத்தீங்களா, எவ்வளவு கெட்டியா இருக்கு?” என்றார்.

அந்த விரல் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஃபில்டரின் அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஓரத்தில் வட்டமாக இருக்கிற சிறு துளைகள் வழியாகத்தான் அழுக்கு எண்ணெய் உள்ளே நுழைகிறது, தாளைக் கடந்து சுத்தமான எண்ணெய் வெளியேறுகிற வழிதான் மரை வெட்டிய அந்த நடுத்துளை. ஓரத்துளையில் மண்ணை அள்ளிப் போட்டாலும் தாள் பிடித்துக்கொள்ளும். நடுத்துளைக்குள் போன தூசி எந்தக் காவலும் இல்லாமல் நேரே பேரிங்குக்குப் போகும். அத்தனை இடமிருக்க, இந்த மனிதர் தேடிப்பிடித்து ஊதியது அங்கே.

நான் ஏன் வால்வின் ரப்பரைக் கேட்டேன் என்பதற்கும் ஒரு கதை உண்டு. இரண்டு மாதங்களுக்கு முன்பு இதே கடையில் இதே 110 ரூபாய் டப்பாவை வாங்கி மாட்டிய நாளிலிருந்து, காலையில் வண்டியைக் கிளப்பினால் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல மூன்று வினாடிக்குச் சத்தம் கேட்கும். ஆயில் விளக்கும் சிவப்பாக எரிந்துவிட்டுத்தான் அணையும். என் வண்டியில் ஃபில்டர் படுத்த வாக்கில் இருக்கிறது. இரவில் அந்த வால்வு சரியாக மூடவில்லை என்றால் எண்ணெய் முழுவதும் கீழே எண்ணெய்த் தொட்டிக்கு வடிந்துவிடும். காலையில் பம்பு முதலில் காலி டப்பாவை நிரப்பிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். எஞ்சினுக்குள் ஓடுகிற டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் எண்ணெயின் அழுத்தத்தை நம்பி நிற்பதுதான். அழுத்தம் வருகிற வரை செயின் தொளதொளவென்று ஆடத்தான் செய்யும். மெக்கானிக்கிடம் காட்டினேன். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “செயின் போயிட்டு சார், பதினாலாயிரம் ஆவும்” என்றார். ஒரு ரப்பர் வளையம் செய்த குற்றத்துக்குச் செயினுக்குத் தண்டனை, எனக்கு அபராதம். ஃபில்டராக இருக்குமோ என்று மெல்லக் கேட்டேன். அவரும் சொன்னார்: “ஃபில்டர் எல்லாம் ஒண்ணுதான் சார்.”

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஃபில்டரைக் கழற்றி, பழைய ஒன்றை இடத்துக்கு மாட்டிவிட்டு, மொட்டை மாடியில் உட்கார்ந்து ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். கூடவே, முன்பு 10,000 கிலோமீட்டர் ஓடிக் கழற்றிய நல்ல ஃபில்டர் ஒன்றையும் அறுத்தேன். (அதை ஏன் எடுத்து வைத்திருந்தேன் என்று வீட்டில் கேட்டதைப் போல நீங்களும் கேட்காதீர்கள்.) எஞ்சின் தேய்மானத்தை அறிய எண்ணெயில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் இப்படி அறுக்கக்கூடாது, ரம்பத்தின் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றிவிடும், அதற்கு விளிம்போடு வெட்டுகிற கருவி வேண்டும். எனக்கு அமைப்பைப் பார்த்தால் போதும். பார்த்தேன்.

10,000 ஓடியதில் வால்வின் ரப்பர் சிவப்பாக, விரலால் மடித்தால் மடிந்து, விட்டால் பழைய நிலைக்கு வந்தது. அது சிலிக்கோன். இரண்டே மாதம் ஓடியதில் கறுப்பு நைட்ரைல், வெயிலில் காயப்போட்ட வடகம் போல விறைத்து ஓரம் வளைந்து நின்றது. நல்லதில் தாள் மடிப்புகள் 56. மற்றதில் 37, அவையும் ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் பல் விழுந்த சீப்பாக இருந்தன. தாளின் இரண்டு முனைகளும் சேருகிற இடத்தில் பசை பாதியில் நின்றுபோயிருந்தது. அந்த இடைவெளியில் என் விரல் நகம் நுழைந்தது. நகம் நுழைகிற இடத்தில் எண்ணெய்க்கு என்ன தடை? அடியில் இருக்கிற ஸ்பிரிங் தாள்கட்டை அழுத்திப் பிடிக்கவே இல்லை. அறுப்பதற்கு முன் குலுக்கியபோதே உள்ளே லொட லொட என்றது. தாள்கட்டின் இரு முனைகளிலும் உலோக மூடிக்குப் பதிலாக அட்டை. அட்டை மூடி என்றாலே மோசம் என்று சொல்லிவிட முடியாது, பெயர் பெற்ற சில ஃபில்டர்களும் அப்படித்தான் வருகின்றன. ஆனால் அன்றைய மனநிலையில் அந்த நியாயத்தையெல்லாம் நிறுத்துப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

அதன் அட்டைப்பெட்டியில் தங்க எழுத்தில் “99 சதவீதம் வடிகட்டும்” என்று போட்டிருந்தது. எத்தனை மைக்ரான் அளவுள்ள துகளில் என்று மட்டும் இல்லை. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 40 மைக்ரான் துகளை நிறுத்துவதும் 20 மைக்ரான் துகளை நிறுத்துவதும் ஒன்றல்ல. இதை அளக்கவே ஐ.எஸ்.ஓ. 4548-12 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. வலையின் கண் எவ்வளவு என்று சொல்லாமல், 99 சதவீத மீனைப் பிடிக்கும் என்று உவரியில் போய் ஒரு வலையை விற்றுப் பாருங்கள், உங்களையே அதில் சுற்றி அனுப்புவார்கள். பத்தமடையில் பாய் வாங்கினால் கோரையை இரண்டு விரலுக்கிடையில் உருட்டிப் பார்க்கிற ஊர்க்காரர்கள்தானே நாம்? ஆனி, ஆடியில் பணகுடிப் பக்கம் ஒருமுறை போய்வந்தால் காற்று எவ்வளவு புழுதியை வண்டிக்குள் தள்ளும் என்று தெரியாதா? டப்பாவுக்குள் அடைத்துக் கொடுத்துவிட்டால் மட்டும் எப்படி எல்லாம் ஒன்றாகிவிடுகிறது?

1923-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் என்பவர் காருக்கு ஆயில் ஃபில்டர் கண்டுபிடித்து, ‘பியூர் ஆயில் லேட்டர்’ என்பதைச் சுருக்கி ‘ப்யூரோலேட்டர்’ என்று பெயர் வைத்தார். நூறு வருடம் கழித்து, அதில் ‘லேட்டர்’ மட்டும்தான் என் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, சண்டை போட்டு, ஊதாத, விரல் விடாத, பிரிக்காத 290 ரூபாய்ப் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டேன். அங்கேயே பிரித்துப் பார்த்தேன். சிவப்பு ரப்பர் துளை வழியாகத் தெரிந்தது. சாயங்காலம் அதே மெக்கானிக்கிடம் கொடுத்து, ஃபில்டர் எஞ்சினோடு பொருந்துகிற விளிம்பில் இருக்கிற ரப்பர் வளையமான கேஸ்கெட்டில் புது எண்ணெய் தடவச் சொல்லி, அது எஞ்சினைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று மட்டும் இறுக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்த்து, புது ஆயிலும் ஊற்றி, பாளையங்கோட்டைக்கு ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்று காலை ஐந்தரை மணிக்கு வீட்டில் போட்ட சத்தத்தில்தான் விழித்தேன். வாசலில் போட்டிருந்த கோலத்தின் பாதியை எண்ணெய் தின்றிருந்தது. தேன் நிறத்தில், நேற்று ஊற்றிய எண்ணெய். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். “புதுசுல்லா, கொஞ்சம் கசியத்தான் செய்யும்” என்று போனிலேயே சமாதானம் சொன்னவர், நான் போட்ட கூச்சலில் பைக்கில் வந்து சேர்ந்து, வண்டிக்கு அடியில் படுத்து ஃபில்டரைக் கழற்றினார். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது; இவர் அதைத் துடைத்துப் பார்க்காமல் அதன் மேலேயே புதியதை ஏற்றியிருக்கிறார். பக்கத்தில் நின்று கேஸ்கெட்டையும் முக்கால் சுற்றையும் பார்த்த எனக்கும் அதைப் பார்க்கத் தோன்றவில்லை. கீழேயிருந்து கறுத்த கை ஒன்று மட்டும் வெளியே வந்து, ஒன்றோடொன்று ஒட்டிய வளையங்களைத் தூக்கிக் காட்டியது.

“சார், இது ரெண்டுல்லா இருக்கு!”

கோலத்தின் மேல் அப்படியே உட்கார்ந்து சிரித்துவிட்டேன். அவருக்கு ஏன் சிரிக்கிறேன் என்று புரியவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஆயிலுக்குக் காசு தனியாக ஆகும் என்று சொன்னார்.