ஜெனரல் மேஜிக்: ஜாப்ஸ் தொடங்கியதல்ல, செய்தது போனும் அல்ல

“1990இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தொடங்கிய ஜெனரல் மேஜிக்தான் முதல் ஸ்மார்ட்போனைச் செய்தது” என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

தொடங்கியவர்கள் மார்க் பொராட், பில் அட்கின்சன், ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட். ஜாப்ஸ் அப்போது நெக்ஸ்ட் நிறுவனத்தில் இருந்தார். இவர்களது மென்பொருளுடன் 1994இல் வந்த சோனி மேஜிக் லிங்க் என்ற கையடக்கக் கருவியில் செல்பேசியே கிடையாது. மின்னஞ்சலுக்குத் தொலைபேசி வயரைச் சொருக வேண்டும். மோடம் வேகம் நொடிக்கு 2400 பிட். 2000 எழுத்துள்ள கடிதம் இறங்கவே சுமார் எட்டு நொடி! நம்பியிருந்த அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி&டியின் பெர்சனாலிங்க் என்ற தனி வலைப்பின்னல் சேவையும் 1996இல் மூடப்பட்டது. இணையம் பரவிய நேரத்தில் தனி வலைப்பின்னலை நம்பியதுதான் பெரிய சறுக்கல் என்பேன்.

1995இல் பங்கு வெளியிட்ட நிறுவனம் இது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் ஆவணங்களைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி அனுப்ப வேண்டாம்.