கேண்டிடசியில் தேறவில்லை என்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள்

பிஎச்.டி. படிப்பின் நடுவில் வரும் கேண்டிடசி தேர்வில் தேறாமல் போன ஒரு மாணவி, அதற்குக் காரணம் கேட்டிருக்கிறார். அவர் விஷயத்தில் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ஒரு பேராசிரியர் எழுதியதைப் படித்த பிறகு முடியவில்லை. இந்தத் தேர்வில் தேறாதவருக்கு ஆராய்ச்சி சரிப்படாதாம், அது சீக்கிரமே தெரிந்தது நல்லதாம். அந்தப் பெண் தேர்ச்சி கொடுங்கள் என்று கேட்கவே இல்லை. எதில் குறைந்தேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்டார்.

இந்தத் தேர்வு பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி.யில் சேர்ந்தவுடன் ஆய்வேடு எழுத உட்கார முடியாது. முதலில் பாடங்கள். அப்புறம், பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில், இந்தத் தேர்வு. எழுத்துத் தேர்வா, வாய்மொழித் தேர்வா, இரண்டுமா என்பது துறைக்குத் துறை மாறும். வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் நீண்ட வாசிப்புப் பட்டியல் இருக்கும். அறிவியல் துறைகள் பலவற்றில் மாணவர் எழுதிய ஆய்வுத் திட்டத்தை வைத்துக் குடைவார்கள். தேறினால் ஆய்வேடு மட்டும்தான் பாக்கி. தேறாவிட்டால் வழக்கமாக இன்னொரு வாய்ப்பு தருவார்கள். அதிலும் போனால் பல இடங்களில் முதுகலைப் பட்டத்தோடு வெளியேற வேண்டியதுதான். சில வருட வாழ்க்கை அந்த ஒரு அறையில் முடிவாகிறது. அதற்குக் காரணத்தை எழுதிக் கொடுக்க முடியாதா?

என் வாய்மொழித் தேர்வில் பாதி நேரம் தேர்வு நடத்தும் குழுவில் இருந்த இரண்டு பேர் தங்களுக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தார்கள். என் பதிலில் ஆரம்பித்தது, அவர்களுடைய பழைய பகையில் போய் நின்றது. பிறகு என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கூப்பிட்டுக் கை குலுக்கினார்கள், தேறிவிட்டேன். எதனால் என்று யாரும் சொல்லவில்லை. அதே பருவத்தில் என் நண்பனுக்குக் கிடைத்தது “இன்னும் ஆழம் வேண்டும்” என்ற ஒற்றை வரி. எதில் ஆழம்? கோட்பாட்டிலா, முறையியலிலா, அவன் சரியாகப் பதில் சொல்லாத அந்த ஒரு கேள்வியிலா? தெரியாததால் பட்டியல் முழுவதையும் முதலிலிருந்து படித்தான். இரண்டாவது முறையும் அதே வரிதான் வந்தது. அவன் இப்போது ஆராய்ச்சியில் இல்லை. அவனுக்கு அறிவு போதவில்லை என்று என்னிடம் யாரும் சொல்ல வராதீர்கள்.

தரம் குறைந்துவிடும் என்பீர்கள். காரணத்தை எழுதினால் தரம் எப்படிக் குறையும்? தேர்வு கடுமையாகவே இருக்கட்டும். தேறாதவரைத் தேறவில்லை என்றே சொல்லுங்கள், ஆனால் ஏன் என்று சொல்லுங்கள். தன் முடிவுக்கான காரணத்தை ஒரு பக்கம் எழுத முடியாத குழுவின் தரத்தைப் பற்றி யார் கேட்பது? இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இல் கொண்டுவந்த பிஎச்.டி. விதிகளைப் பாருங்கள். மாணவரின் முன்னேற்றம் திருப்தியில்லை என்றால் ஆய்வு ஆலோசனைக் குழு காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், எப்படித் திருத்திக்கொள்வது என்றும் சொல்ல வேண்டும். விதி எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு கதை. எழுதக்கூடியதுதான் என்று ஒப்புக்கொண்டு விதியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

குழுவின் விவாதம் ரகசியம் என்பது அடுத்த வாதம். சரி, இருக்கட்டும். யார் என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை, முடிவின் காரணத்தைத்தான் கேட்கிறோம். நேரமில்லை என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு மாணவருக்காக ஒரு பக்கம் எழுத நேரமில்லாதவர் எதற்குக் குழுவில் உட்கார வேண்டும்?

எனக்கு இதைவிட வலிப்பது வேறு. எழுதப்படாத விதிகள் எல்லாருக்கும் தெரியாமல் இருப்பதில்லை. எந்தப் பேராசிரியர் எதைக் கேட்பார், எந்தப் பதில் அவருக்குப் பிடிக்கும் என்பதெல்லாம் சீனியர்களோடு நெருக்கமாக இருப்பவர்களுக்குக் கைமாறி வந்துவிடும். வீட்டிலேயே பேராசிரியர் இருந்தால் இன்னும் சுலபம். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவர், வெளிநாட்டிலிருந்து தனியாக வந்தவர், கேட்கக் கூச்சப்படுகிறவர், இவர்கள்தான் இருட்டில் நிற்கிறார்கள். வெளிநாட்டு மாணவருக்குப் படிப்பு போனால் விசாவும் போகும். அவர்களைப் பார்த்து “ஆராய்ச்சி சரிப்படாது” என்று எழுத ஒரு ஆசிரியருக்கு எப்படி மனம் வந்தது?

அந்த மாணவியின் நெறியாளரும் அந்த அறையில்தான் இருந்தார். அவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன்.

அந்தப் பெண்ணுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. அதற்குத் தயாராக அவகாசம் இருக்கும்போதே அந்த ஒரு பக்கம் அவர் கைக்குப் போக வேண்டும். அந்தத் துறையில் வேலை பார்க்கும் சிலர் என் பதிவுகளைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களிடம்தான் கேட்கிறேன், அடுத்த துறைக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள்.