86ஆவது மாடியில் மாமனாரும் மேகமும்

(நியூயார்க், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 86ஆவது மாடி. திறந்தவெளிப் பார்வை மாடத்தின் கம்பி வேலியைப் பிடித்தபடி மாமனாரும் மருமகனும் நிற்கிறார்கள். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று மூட்டம்.)

மாமனார்: மாப்பிள்ளை, தலைக்கு நாற்பது டாலருக்கு மேல் கொடுத்து, 320 மீட்டர் உயரத்துக்கு ஏறி வந்து, நாம் இப்போது பார்த்துக்கொண்டிருப்பது எதை?

மருமகன்: நேர் எதிரே சென்ட்ரல் பார்க் இருக்கிறது, மாமா. வானம் தெளிந்திருந்தால் 80 மைல் வரை தெரியுமாம்.

மாமனார்: எனக்கு உங்கள் சட்டைப் பொத்தான் வரை தெரிகிறது.

மருமகன்: எதுவும் தெரியாது என்று கீழேயே எழுதிப் போட்டிருந்தார்கள். முன்பதிவு செய்த காசு வீணாகிவிடுமே என்று நான்தான் உங்களிடம் சொல்லவில்லை.

மாமனார்: காசோடு பொழுதையும் சேர்த்து வீணாக்கிவிட்டீர்கள். பெண் கொடுத்த இடமாயிற்றே என்று இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மருமகன்: இப்படி வந்தவர்களின் காசுதான் இந்தக் கட்டடத்தையே காப்பாற்றியது, மாமா. 1931 மே 1 அன்று திறந்தபோது, பொருளாதார மந்தத்தால் வாடகைக்கு ஆள் கிடைக்காமல் பெரும்பகுதி காலியாகக் கிடந்ததால், ‘எம்பயர்’ என்பதை ‘எம்ப்டி’ என்று மாற்றி ஊரே கேலி செய்தது. முதலாண்டில் வாடகையாக வந்த தொகைக்கு ஈடாக இந்த மாடத்தின் நுழைவுச்சீட்டிலும் வந்ததாம்.

மாமனார்: அன்றைக்கும் யாராவது ஒரு மருமகன் அழைத்து வந்திருப்பார். மேலே கூம்பாக ஏதோ நிழலாடுகிறதே, அது என்ன?

மருமகன்: ஆகாயக் கப்பலைக் கட்டி நிறுத்துவதற்கென்று எழுப்பிய கோபுரம். பயணிகளைப் பலகைப் பாலத்தில் நடக்கவைத்து 102ஆவது மாடியில் இறக்குவதாகத் திட்டம். இந்த உயரத்துக் காற்றில் கப்பல் நிலைகொள்ளாது என்று தெரிந்ததும் கைவிட்டார்கள்.

மாமனார்: கட்டிய பிறகா காற்றடிப்பது தெரிந்தது?

மருமகன்: 410 நாளில் கட்டி முடித்தவர்களுக்கு யோசிக்க நேரம் ஏது? 1945 ஜூலையில் இதே போன்ற மூட்டத்தில் ராணுவ விமானம் ஒன்று வந்து மோதி 14 பேர் இறந்தார்கள். லிஃப்ட் அறுந்து 75 மாடிகள் கீழே விழுந்த பணிப்பெண் ஒருவர் உயிர் பிழைத்தது அதிசயம்.

மாமனார்: (வேலியை விட்டு இரண்டடி பின்வாங்கி) இதை லிஃப்டில் ஏறுவதற்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? படிக்கட்டு எந்தப் பக்கம்?

மருமகன்: 1,576 படிகள், மாமா. ஆண்டுதோறும் அவற்றில் ஏறிவரப் பந்தயமே நடத்துகிறார்கள்.

மாமனார்: அதற்கும் முன்பதிவு செய்துவிடாதீர்கள்.

(மூட்டம் ஒரு கணம் விலகுகிறது. எஃகு முடி ஒன்று மின்னி மறைகிறது.)

மருமகன்: அதோ, கிரைஸ்லர் கட்டடம்! அங்கும் 71ஆவது மாடியில் பார்வை மாடம் இருந்தது, 1945இலேயே மூடிவிட்டார்கள்.

மாமனார்: அந்தப் பக்கத்து மாமனார்கள் கொடுத்துவைத்தவர்கள்.