எண்ணுக்கும் கதையில் வேலை உண்டு

கற்பனை உலகங்களில் 3, 7, 9 என்று சில எண்களே திரும்பத் திரும்ப வருவது வெறும் அலங்காரம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிராண்டன் சாண்டர்சன் எழுதிய 'மிஸ்ட்பார்ன்' என்ற மாயாஜால நாவல் வரிசையில் 2008இல் வந்த மூன்றாம் நாவலைப் பாருங்கள். மூடுபனி பட்டு நோயில் விழுந்த வீரர்களைக் கணக்கெடுத்தால் சரியாக 16 சதவீதம் வருகிறது. இயற்கையான நோய் இப்படி அச்சுப் பிசகாமல் தாக்குமா? யாரோ வேண்டுமென்றே விட்டுவைத்த தடயம் அது. அந்த உலகின் மந்திர உலோகங்களும் 16தான் என்று தெரியவரும்போது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

ஹாரி பாட்டரில் இன்னொரு விதம். 7தான் அதிக சக்தியுள்ள எண் என்று அந்தக் கதையின் வில்லன் வோல்டெமார்ட் நம்புகிறான். தன் ஆன்மாவை ஏழாகப் பிரிக்கத் துணிகிறான். அந்தத் துண்டுகளை ஒளித்துவைத்த எத்தனை பொருட்களை ஹாரி தேடி அழிக்க வேண்டும் என்பதை அந்த நம்பிக்கையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஏழு ராஜ்யம், ஏழு தெய்வம், ஏழு வாசல் என்று அடுக்கிவிட்டு ஏன் ஏழு என்று ஒரு பாத்திரம்கூடக் கேட்காத கதைகளும் இருக்கின்றன, சரி. அங்கே அலங்காரம் என்று தாராளமாகச் சொல்லலாம். அப்புறம், கட்டுரை தொடாத ஒன்று: கைக்கு ஆறு விரல் உள்ள இனம் பன்னிரண்டு பன்னிரண்டாகத்தானே எண்ணும்? அவர்களுடைய மந்திரமும் அதையொட்டியே அமைவதுதான் பொருத்தம்.