வேலை தெரிந்த நாவல்கள்

இந்த வருஷம் பதினான்கு நாவல் படித்தேன். எல்லாவற்றையும் பற்றி எழுதவில்லை. டிசம்பரில் உட்கார்ந்து யோசித்தால் மனசை விட்டுப் போகாமல் இருப்பவை ஐந்துதான். அந்த ஐந்திலும் வருகிறவர்கள் வேலை செய்கிறார்கள். அழுவதும் ஆசைப்படுவதும் சாவதும் வேலைக்கு நடுவில்தான். அந்த வேலை எப்படி நடக்கிறது என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. மற்ற ஒன்பதில் பாதிப் புத்தகங்களில் கதாநாயகன் எதைச் செய்து சாப்பிடுகிறான் என்றே எனக்கு ஞாபகம் இல்லை.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. இத்தனை வருஷம் எப்படிப் படிக்காமல் இருந்தேன் என்று வருத்தமாக இருக்கிறது. ஆரோக்கியம் புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண். ஊர் ஒதுக்கி வைத்த காலனிக்குத் துணி வெளுக்கிறாள், பிரசவம் பார்க்கிறாள், சாவு விழுந்தால் காரியத்துக்கு நிற்கிறாள். இருட்டினால் வீடு வீடாகப் போய் ராச்சோறு வாங்கி வருகிறாள். ஒதுக்கப்பட்டவர்களுக்கும் கீழே ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை இவ்வளவு பக்கத்தில் போய் யாரும் எனக்குக் காட்டியதில்லை. சொந்த ஜனங்களையே குறை சொல்லிவிட்டார் என்று அப்போது இமையத்தின்மேல் கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. பார்த்ததை மறைத்திருந்தால் ஆரோக்கியத்துக்குச் செய்த இரண்டாவது அநியாயமாக அது இருந்திருக்கும்.

எனக்கு ஊர் விருத்தாசலம் பக்கம். எங்கள் தெருவுக்குத் துணி எடுக்க ஒரு அம்மா வருவார். அவர் நிலைமை ஆரோக்கியம் அளவுக்கு மோசம் இல்லை. ஆனாலும் புத்தகத்தைப் பாதியில் கவிழ்த்து வைத்துவிட்டு அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் குறி போடுவார். எங்கள் வீட்டுக் குறி மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. பக்கத்து வீட்டுக்கு ஒரு புள்ளி, இரண்டு கோடு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் முப்பது வீட்டுக் குறியும் அவர் தலைக்குள் இருந்தது. ஒரு துணிகூட வீடு மாறி வந்ததில்லை. அவர் என்னை ‘பாப்பா, வாங்க’ என்பார். ஏழு வயசில் நான் அவரை ‘வா, போ’ என்றுதான் பேசினேன். வீட்டில் யாரும் திருத்தவில்லை. இந்த வருஷம்தான் அது எனக்கு உறுத்தியது. ஒரு நாவல் வந்து உறுத்த வைத்தது.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ சின்னப் புத்தகம், 1973. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். ஜமுனா, தங்கை சாயா, அடிபம்பு, குடம், தோண்டிப் போட்ட தெரு. 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டபோது ராத்திரி இரண்டு மணிக்கு லாரிக்காகக் காத்திருந்தவள் நான். தண்ணீர் எப்போது வரும் என்ற ஒரே கவலை மற்ற எல்லா யோசனையையும் எப்படித் தின்றுவிடும் என்பது தெரியும். ஜமுனா சாகப் போய், முடியாமல் டீச்சரம்மாவிடம் போகிறாள். டீச்சரம்மா ஆறுதல் சொல்வதில்லை. பதினைந்து வயசில் இருமிக்கொண்டிருந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட தன் கதையைச் சொல்கிறாள். அந்த அத்தியாயத்தை மூன்று தடவை படித்தேன். தமிழில் எனக்குப் பிடித்த பத்துப் பக்கம் எது என்று கேட்டால் இதைத்தான் நீட்டுவேன்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) பனைவிளைக் கதை. வயசுக்கு வந்ததும் லிஸியை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறார்கள். வெளியே பனையேறிகள் மரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். அவள் மனசு போவதும் ஒரு பனையேறியின் மகன்மேல்தான். அக்கானி, அதாவது பதநீர், மணக்கிற அந்தத் தமிழுக்காகவே படிக்கலாம். முதல் இருபது பக்கம் வட்டார வழக்கு தடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ பற்றி எனக்கு இரண்டு மனசு. தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய், அங்கே உழைக்கிறவர்களோடு பழகி எழுதியிருக்கிறார். வெயிலும் உப்பின் வெளுப்பும் கண்ணைப் பறிப்பது, உப்புநீரில் நின்று நின்று கால் புண்ணாவது எல்லாம் படிக்கிறவர் உடம்பில் ஏறுகிறது. ஆனால் போகப் போகப் பாத்திரங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு ஆசிரியரே பேசுகிறார். அந்த நியாயத்தில் எனக்கு மறுப்பில்லை. அதை உப்பே சொல்லிவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

கடைசியாகப் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டாம் உலகப் போர் காலத்து மேடான் (இந்தோனேசியா), பினாங்கு (மலேசியா). சின்ன வயசில் மேடானுக்குப் போய் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர் என்பதால் கிட்டங்கி (கடையும் கிடங்குமான இடம்) வாழ்க்கை அப்படியே வந்து விழுகிறது. தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டிக்கொள்ளும் இடத்தைப் படிக்கும்போது வயிற்றைப் புரட்டியது. பலர் தமிழின் மகத்தான நாவல் என்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கதாநாயகன் பாண்டியனுக்கு எத்தனையோ ஊர், எத்தனையோ ஆண்கள்; ஆனால் பெண்கள் வந்தால் சிங்காரத்தின் கண் மங்கிவிடுகிறது. ஆரோக்கியத்தையும் ஜமுனாவையும் படித்துவிட்டு வந்தவளுக்கு அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் செங்கல் சூளை, தீப்பெட்டி ஆபீஸ், நர்ஸ் வேலை என்று எதுவாக இருந்தாலும் சரி, வேலை தெரிந்து எழுதிய நாவல் இருந்தால் பெயர் மட்டும் சொல்லுங்கள். கதை சொல்லிவிடாதீர்கள்.