செயற்கைக்கோள் இணையம் வரட்டும், ஆனால் யார் பணம் கட்டுவது?

மலைக் கிராமங்களின் இணையப் பிரச்சினையை, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் தீர்த்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நான் கொடைக்கானல் மேல்மலைக்காரன். சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். அதனால் வரட்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் அந்தக் கட்டுரை விலையை இரண்டே வரியில் தாண்டிப் போனது சரியில்லை.

அமெரிக்காவில் 2020-ல் ஸ்டார்லிங்க் கட்டணம் மாதம் 99 டாலர். 2022 மார்ச்சில் 110. சிக்னலை வாங்க வீட்டில் வைக்கும் 499 டாலர் டிஷ் 599 ஆனது. அடுத்த ஆண்டே நெரிசலான இடங்களில் மாதக் கட்டணம் 120. கிராமப்புற இணையத்துக்கான சுமார் 88.5 கோடி டாலர் மானியத்தை அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் ஸ்டார்லிங்குக்கு மறுத்தபோது, 600 டாலர் டிஷ் செலவையும் சுட்டிக்காட்டியது.

விலை ஏறுவதற்குக் காரணம் உண்டு. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இந்தச் செயற்கைக்கோள்களின் ஆயுள் ஏறக்குறைய 5 ஆண்டுதான். பிறகு எரிந்துபோகும், புதிதாக ஏவிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரே பகுதியில் ஆட்கள் கூடினால் வேகமும் குறையும். பூமிக்கடியில் போட்ட கண்ணாடியிழை இணையக் கேபிளோ பல பத்தாண்டு உழைக்கும்.

எங்கள் ஊருக்குக் கம்பம் வழியாக வந்த இணையக் கேபிள் போன மழையில் மரம் விழுந்து அறுந்தது. இன்னும் கம்பத்தில் அப்படியே தொங்குகிறது. முதலில் அதை ஒட்டுங்கள். கேபிளே போகமுடியாத குடியிருப்புகளில் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் அரசு செலவில் டிஷ் வைக்கட்டும். நாங்கள் விளைவிக்கும் பூண்டின் விலை விழுந்த மாதத்தில் எந்த வீட்டால் ஸ்டார்லிங்க் பில்லைக் கட்டமுடியும்?